சைக்கிளுக்குக் கார் ஓட்டுபவர்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீலாங்கரை தாண்டிப் போனால் இவரைப் பார்த்துவிடலாம். உடம்போடு ஒட்டிய ஜெர்சி, காருக்குள்ளேயே தலையில் மாட்டிய ஹெல்மெட், பக்கத்து சீட்டில் போட்டோ எடுப்பதற்காகத் தூக்கத்திலிருந்து எழுப்பி அழைத்துவரப்பட்ட மனைவி. டிக்கியில் மாட்டிய ரேக்கில் மூன்று லட்ச ரூபாய் கார்பன் சைக்கிள். வேளச்சேரியிலிருந்து சைக்கிளிலேயே வந்திருக்கலாமே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "சிட்டி டிராஃபிக்ல சேஃப் இல்ல பிரதர்" என்பார். யாருக்கு என்று தெளிவாகச் சொல்ல மாட்டார். எனக்கென்னவோ சைக்கிளைத்தான் சொல்கிறார் என்று தோன்றுகிறது.

ஏற்றும் சடங்கை அடுக்குமாடிக் குடியிருப்பே பால்கனியில் நின்று பார்க்கும். மாப்பிள்ளை அழைப்புக்குக் காரில் ஏற்றுகிற மாதிரி, ஃப்ரேமைச் சுற்றிப் பழைய பட்டுப்புடவைத் துண்டு, பெடலுக்குக் குழந்தையின் காலுறை, ரேக் உரசும் இடத்தில் ஸ்பாஞ்ச். கார்பன் குழாயை இறுக்கிப் பிடித்தால் விரிசல் விடும் என்று அவருக்குத் தெரியும். பின்டயர் சைலன்சர் வாய்க்கு நேரே தொங்கினால் சூட்டில் வீணாகும் என்பதும் தெரியும். ஸ்ட்ராப்பை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் காற்றில் ஊளையிடாது என்பதுகூடத் தெரியும். காருக்குப் பின்னால் வருபவருக்கு என்ன தெரியும் என்பது ஒன்றுதான் அவர் யோசிக்காதது.

பின்னால் டி.வி.எஸ். 50-ல் மீன்கூடையோடு ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்பர் பிளேட்டை சைக்கிளின் பின்சக்கரம் மறைக்கிறது. இடது விளக்கின் மேல் பட்டுப்புடவை. கண்ணாடிக்கு மேலே இருக்கும் பிரேக் விளக்கை சைக்கிள் சீட்டு பார்த்துக்கொள்கிறது. நம்மவர் பிரேக் போட்டதும் தெரியாது, திரும்பப் போவதும் தெரியாது. போதாததற்கு, சைக்கிளின் நீளம் சுமார் 1.7 மீட்டர், அவருடைய சின்னக் காரின் அகலம் ஒன்றரை மீட்டர்தான். பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர், சரியாக மீன்காரர் முழங்கை உயரத்தில், டயர் நீட்டிக்கொண்டிருக்கும். நம்மவர் ரியர்வியூ கண்ணாடியைப் பார்க்காமல் இல்லை. நிமிடத்துக்கொரு தரம் பார்க்கிறார். ஹேண்டில்பார் ஆடுகிறதா என்று.

அக்கரை செக்போஸ்ட்டில் ஒருநாள் ஓரங்கட்டச் சொன்னார்கள்.

"சார், வண்டி நம்பர் என்ன?"

சொன்னார்.

"அது உங்களுக்குத் தெரியுது சார். எனக்குத் தெரியணும்ல?"

"சைக்கிளுக்குப் பின்னாடி இருக்கு சார்."

"பாடியைத் தாண்டி லோடு வேற நீட்டிக்கிட்டு இருக்கு."

லோடு என்ற சொல் அவரைச் சுட்டுவிட்டது. "லோடு இல்ல சார், ரேஸ் பைக். மொத்தமே ஏழரை கிலோ!"

"அதான் சார். ஏழரைன்னு நீங்களே சொல்றீங்க."

மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1A) பிரிவு, 2019-ல் வந்த திருத்தம், வண்டியின் பக்கவாட்டைத் தாண்டிச் சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம் என்கிறது. இறக்கிவைக்கும் செலவும் நம் தலையில்தான். சரக்கு லாரிக்குச் சொன்னதல்லவா என்று நம்மவர் வாதாடினார். சட்டத்தில் இருப்பது மோட்டார் வாகனம் என்ற பொதுச்சொல். பிறகு ஐரோப்பாவுக்குப் போனார். ஸ்பெயினில் சைக்கிள் ரேக் மேல் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட பலகை மாட்டிவிட்டு ஊரெல்லாம் போகிறார்கள், ஜெர்மனியில் விளக்கும் நம்பரும் ரேக்கிலேயே இருக்கும் என்றெல்லாம் விளக்கினார். எல்லாம் உண்மைதான். "அந்தப் பலகை எங்க சார்?" என்று கேட்டார் காவலர். அது யூடியூபில் இருந்தது. அன்றைக்கு நல்லவேளை, சைக்கிளை இறக்கி ஓட்டிக்கொண்டு போகச் சொன்னதோடு விட்டுவிட்டார்கள். மனைவிதான் காரை ஓட்டி வந்தார்.

மறுநாளே ஸ்டிக்கர் கடையில் ஒரு நம்பர் பலகை எழுதி வாங்கி ரேக்கில் கட்டினார். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளுக்கெல்லாம் கழற்ற முடியாத பூட்டும் லேசர் எண்ணும் கொண்ட உயர்பாதுகாப்பு பிளேட் கட்டாயம். கடையில் எழுதியது அதற்கு ஈடாகாது. இதை எடுத்துச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரரோடு இப்போது பேச்சுவார்த்தை கிடையாது.

அடுத்து கூரைக்கு மாறினார். யோசனையில் தப்பில்லை: நம்பர் தெரியும், விளக்கு தெரியும், எதுவும் பக்கவாட்டில் துருத்தாது. கூரை தாங்கும் எடையை மட்டும் கார்க் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். 50 கிலோ, 75 கிலோ என்று காருக்குக் கார் மாறும், ரேக்கின் எடையும் அதில் சேர்த்தி. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் இருக்கிற காற்றின் தள்ளல் எண்பதில் ஏறக்குறைய 1.8 மடங்காகிவிடும். ஆகவே மெதுவாகப் போனார், அதுவும் சரி. ஆனால் கார் ஒன்றரை மீட்டர், அதன் மேல் ரேக்கும் சைக்கிளும் ஒரு மீட்டருக்கு மேல். வணிக வளாகத்தின் அடித்தளப் பார்க்கிங் வாசலில் '2.1 மீ' என்று சங்கிலியில் தொங்கிய பலகையின் கீழே நுழையும்போது நம்மவர் மறக்காமல் தன் தலையைக் குனிந்துகொண்டார். சைக்கிளால் அது முடியவில்லை. சத்தம் கேட்டு வாட்ச்மேன் ஓடி வந்து, "சார், மேல ஏதோ இருக்கு" என்றார்.

கடைசியில் வழி சொன்னவர் மனைவிதான். "முன்சக்கரத்தைக் கழட்டி, பின்சீட்டை மடக்கி உள்ளயே வெச்சுக்கக் கூடாதாங்க?" சட்டத்துக்கும் தொல்லையில்லை, மீன்காரருக்கும் தொல்லையில்லை. திடீரென்று பிரேக் போட்டால் முன்னால் பாய்ந்து பிடரியில் அடிக்காமலிருக்க, நாலு இடத்தில் கட்டிவிட்டால் போதும். நம்மவருக்கும் அது பிடித்துப்போயிற்று. அடுத்த ஞாயிறு வீட்டம்மா கீழே இறங்கி வந்து கார்க் கதவைத் திறந்தால், முன்சீட்டில் கழற்றிய சக்கரம் பட்டுப்புடவை சுற்றி சாய்ந்திருந்தது. சீட் பெல்ட்கூடப் போட்டிருந்தது.

"நான் எங்க உட்கார்றது?"

"நீ ஒரு ஆட்டோ பிடிச்சு பின்னாலயே வந்துடும்மா. இப்பதான் பிரேக் லைட்டெல்லாம் நல்லாத் தெரியுதே!"