சீலுக்கு ஓசிச் சலவை

செயின்ட் ஆண்ட்ரூஸ், ஸ்காட்லாந்து
ஜூலை முதல் வாரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

இதைப் போன்லயே சொல்லியிருக்கலாம். ஆனா நம்மாத்துல போனை எடுத்தாலே ஸ்பீக்கர்ல போட்டுடறேள். பாட்டி ஊஞ்சல்லேர்ந்து கேட்பா, அத்தை தளிகை உள்ளேர்ந்து கேட்பா. நான் சொல்லப்போறது பாட்டி காதுல விழக்கூடாத சமாசாரம். அதனாலதான் கடிதம். நடுவுல ஒரு கோடு போட்டிருக்கேன். அதுக்கு மேல இருக்கறது உனக்கு மட்டும்.

வைரமுடி உற்சவத்துக்கு வந்த பெங்களூர் மாமிகிட்ட என்னைத் திமிங்கல டாக்டர்னு சொல்லிவெச்சயாமே? இப்போ மாமி, "எத்தனை திமிங்கலம் பார்த்தா?"ன்னு கேட்டு ஆளனுப்பறாளாம். ஒண்ணே ஒண்ணு பார்த்தேன் அம்மா. அது செத்து நூத்தி நாப்பது வருஷம் ஆயிடுத்து. 1883 கடைசியில டே நதி முகத்துவாரத்துக்கு ஒரு கூனல்முதுகுத் திமிங்கலம் வந்திருக்கு. ஊரே படகெடுத்துண்டு போய் ஈட்டி எறிஞ்சது. தப்பிச்சுண்டு போய், ஒரு வாரம் கழிச்சு நடுக்கடல்ல பிணமா மிதந்தது. எண்ணெய் வியாபாரி ஒருத்தர் ஏலத்துல எடுத்து, ஊர் ஊரா கொண்டுபோய்க் காசு வாங்கிண்டு காட்டினார். எலும்புக்கூடு இப்பவும் டண்டீ மியூசியத்துல தொங்கறது. மாமிகிட்ட "ஒண்ணு பார்த்தாளாம், ரொம்பப் பெரிசாம்"னு சொல்லு. அதுல பொய் எதுவும் இல்லை.

என் தீஸிஸ் சீலை, அதான் கடல்நாயைப் பத்தினது. இந்த டே முகத்துவாரத்துல ஹார்பர் சீல்னு ஒரு ஜாதி, 2000-க்கு அப்புறம் பத்துல ஒன்பது பங்குக்கு மேல காணாமப் போயிடுத்து. சாப்பாடு போதலையா, பெரிய சாம்பல் சீல்கள் போட்டிக்கு வந்துடுத்தா, வேற ஏதாவதா, பெரியவாளுக்கே இன்னும் பிடிபடலை. மீன் பிடிக்கறவாளைக் கேட்டா, "சீல்தான் எங்க மீனையெல்லாம் தின்னுட்டுப் போறது"ங்கறா. ஆக, சீல் என்னதான் சாப்பிடறதுன்னு கண்டுபிடிக்கணும். கடலுக்கடியில பின்னாலயே போய்ப் பார்க்க முடியாது. அது கரையில விட்டுட்டுப் போறதுதான் சாட்சி.

விட்டுட்டுப் போறதுன்னா என்னன்னு உனக்கே புரிஞ்சிருக்கும். அதேதான். தண்ணி வத்தின நேரம் பார்த்து மணல்திட்டுக்குப் போய், கரண்டியால அள்ளி, பையில கட்டி, தேதி எழுதி, ஃப்ரீசர்ல வெச்சுடணும். எம்.எஸ்ஸி. படிக்கக் கடல் தாண்டி வந்த பொண்ணு.

அடுத்த கட்டத்தை நிதானமாப் படி. உருகினதை நைலான் வலைப்பையில போட்டு, வாஷிங் மெஷின்ல போடறோம். துணி துவைக்கிற அதே வாஷிங் மெஷின். சல்லடையில வெச்சுக் கையால அலசறதையும் மெஷினையும் ஒப்பிட்டு அமெரிக்காக்காரா 2003-ல ஒரு கட்டுரையே போட்டிருக்கா. மத்ததெல்லாம் தண்ணியோட போயிடும். பையில தங்கறது மீன் முள்ளும், மீனோட காதுக்குள்ள இருக்கிற சுண்ணாம்புக் கல்லும். அந்தக் கல்லுதான் எங்களுக்கு வைரமுடி. ஒவ்வொரு மீன் ஜாதிக்கும் அது ஒரு வடிவம். அதோட அளவை வெச்சே மீன் எத்தனை நீளம்னு சொல்லிடலாம். சீல் வயித்துல தேஞ்ச அளவுக்குக் கணக்குல திருத்தம் போட்டுக்கணும். நொய்யரிசி அளவுதான் இருக்கும். அரிசியில கல் பொறுக்கச் சொன்னா அரிசியைப் பொறுக்கிப் போடறவள்னு என்னைப் பத்தி ஊரெல்லாம் சொன்னயே, அவள்தான் இப்போ நாள் பூரா மைக்ராஸ்கோப்புல கல் பொறுக்கிண்டிருக்கா.

இந்த மெஷின் விஷயத்தை என்னால அவ்வளவு சுலபமா விட முடியலை. ஹாஸ்டல்ல என் துணிக்கு ஒவ்வொரு தடவையும் கார்டைத் தேய்ச்சுக் காசு கட்டணும். சீலோடதுக்கு இலவசம். என் துணிக்கு ராத்திரி பதினோரு மணிக்குத்தான் மெஷின் காலியாகும். சீலோடதுக்கு முன்பதிவு நோட்டு உண்டு, யாரும் குறுக்கே வர முடியாது. ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். லேப்ல இருக்கறதுமேல மட்டும், "இதில் துணி போடாதீர்கள்"னு பெரிய எழுத்துல ஒட்டியிருக்கா. யார் போட்டுப் பார்த்துட்டு இதை எழுதினாளோ! அதிலயும் நாங்க வெக்கறது கம்பளிக்கான மெதுசுத்து. பதினெட்டு முழப் புடவையை யாரையும் தொடவிடாம பாட்டி எத்தனை பதவிசா அலசுவாளோ, அத்தனை பதவிசு. சாயங்காலம் பஸ்ஸுல ஏறினா என் பக்கத்து சீட்டு எப்பவும் காலி. இந்த ஊர்க்காரா வாய்விட்டு ஒண்ணும் சொல்லமாட்டா. ஜன்னலைத் திறந்துட்டு, "இன்னிக்கு வெயில் நன்னா இருக்கு இல்லே?"ம்பா.

இன்னொரு கூத்து. சீல் முதுகுல மொபைல் போன் மாதிரி ஒரு கருவியைப் பசை போட்டு ஒட்டி விடறா. அதை இந்த யூனிவர்சிட்டியிலேயே செய்யறா. எங்கே போச்சு, எத்தனை ஆழம் முங்கினதுன்னு எழுதி வெச்சுண்டு, கரைப்பக்கம் வந்து டவர் கிடைச்சதும் எல்லாத்தையும் அனுப்பிடும். வருஷத்துக்கு ஒரு தடவை ரோமம் உதிரும்போது தானா விழுந்துடும். (என்னைவிட ஒழுங்கா ஆத்துக்குப் போன் பண்றதுன்னு அப்பா சொல்லுவார், தெரியும்.) ஆனா அதை ஒட்டறதுக்கு 1986-ம் வருஷச் சட்டப்படி உள்துறை லைசென்ஸ் வேணும். ஆளுக்கு ஒண்ணு, திட்டத்துக்கு ஒண்ணு, இடத்துக்கு ஒண்ணு. என் விசா கொடுத்ததும் அதே உள்துறைதான்! 28 நாள் பணம் கணக்கைவிட்டு அசையக்கூடாதுன்னு அப்பா மளிகைக்குக்கூட எடுக்காம உட்கார்ந்திருந்தாரே, அதே இலாகா. சீல்கிட்ட மட்டும் யாரும் பேங்க் ஸ்டேட்மென்ட் கேக்கலை.

———

(இதுலேர்ந்து பாட்டிக்குப் படி.)

பாட்டி, தண்டன். இங்கே ஆசாரம் கிடையாதுன்னு நினைச்சுக்காதே. காலேஜ் சர்ச் வாசல்ல, 1528-ல ஒரு வாலிபனை மதத் தகராறுல உயிரோட கொளுத்தியிருக்கா. அந்த இடத்துல தரையில அவன் பேரோட முதல் எழுத்துகளைக் கல்லால பதிச்சிருக்கு. அதை மிதிச்சா டிகிரி வராதாம். பெரிய பெரிய விஞ்ஞானம் படிக்கிற பசங்கல்லாம் வளைஞ்சு வளைஞ்சு நடக்கறா. பரிகாரமும் உண்டு, மே 1-ம் தேதி விடியற்காலை சமுத்திர ஸ்நானம். நான் மிதிக்கலை. எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு முழுக்குப் போட்டுட்டேன். நம்மூர்க் கல்யாணிக் குளத்துல மார்கழித் தண்ணி இதுக்கு முன்னால வெந்நீர்.

இன்னொரு சமாசாரம் பாட்டி, ஒவ்வொரு டால்பினுக்கும் சொந்தமா ஒரு சீட்டி உண்டு. அதையே இன்னொருத்தர் ஊதினா, "என்னையா கூப்பிட்டே?"ன்னு பதில் குடுக்கும். இதை 2013-ல இந்த ஊர்க்காராதான் சோதிச்சுக் காட்டினா. 2019-ல சீல் குட்டிகளுக்குப் பாட்டே சொல்லிக்குடுத்திருக்கா. ஜோலான்னு ஒரு குட்டி 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டைச் சுருதியோட பாடினதாம். சரளி வரிசையிலேயே என்னைக் கைகழுவின பாட்டு வாத்தியார்கிட்ட இதை அவசியம் சொல்லணும்.

(பாட்டிக்கு இத்தோட போதும். மிச்சம் உனக்கு.)

ஆகஸ்டுல தீஸிஸ் முடியறது. அடுத்து இன்டர்ன்ஷிப் பண்ணணும், இல்லாட்டி இந்தத் துறையில யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டா. விசாரிச்ச இடத்துல முக்கால்வாசி சம்பளமே இல்லை. சில இடத்துல நாமதான் பணம் கட்டணுமாம்! வேலையும் நாம பண்ணி, காசும் நாமளே கொடுக்கணும். கேட்டா "அனுபவம்"ங்கறா. கூடப் படிக்கிற பொண்ணு ஒருத்தி அப்பா பணத்துல ரெண்டு சமுத்திரம் பார்த்துட்டு வந்துட்டா. கெட்டிக்காரிதான், இல்லைங்கலை. ஆனா திமிங்கலத்துகிட்ட யார் போகலாம்னு தீர்மானிக்கறது மார்க் இல்லை அம்மா, அப்பாவோட பாஸ்புக். இதைச் சொன்னா இங்கே எல்லாரும் தலையை ஆட்டறா. ஆட்டிட்டு அடுத்த விளம்பரத்தையும் அதே மாதிரிதான் போடறா.

2016 ஜனவரியில தூத்துக்குடிப் பக்கம் மணப்பாட்டுக் கரையில எண்பதுக்கு மேல திமிங்கலம் ஒதுங்கினதை டிவியில பார்த்துட்டு நான் சாப்பிடமாட்டேன்னு அடம் பிடிச்சேனே, ஞாபகம் இருக்கா? மீனவா ராத்திரியெல்லாம் கடலுக்குள்ள தள்ளித் தள்ளி விட்டா, அதுகள் திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தது. அதே கரையில 1973-ல 147 ஒதுங்கியிருக்குன்னு அப்புறம்தான் படிச்சேன். ஏன்னு இன்னிவரைக்கும் தீர்மானமா ஒரு பதில் இல்லை. அப்போ பிடிச்ச பைத்தியம் இது. அதுக்குப் போய் ஸ்காட்லாந்துல சீலைத் துவைச்சுண்டிருக்கேன்.

அதனால பாக் விரிகுடாவுக்கு வந்துடலாமான்னு ஒரு யோசனை. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைக்கு எதிர்ல 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடற்பசுவுக்காக 2022-ல தமிழ்நாடு ஒதுக்கியிருக்கு. கடற்பசு சாப்பிடறது கடல்புல். சுத்த சைவம். இதைப் பாட்டிக்குத் தாராளமா சொல்லலாம், ரெண்டு தடவைகூடச் சொல்லலாம். நான் எழுதிக் கேட்ட இடத்துல மூணு மாசம் சேர்த்துக்கறேன்னிருக்கா. சம்பளம் அங்கேயும் கிடையாது, தங்கற இடமும் நம்ம பொறுப்பு. அப்பா லோனே இன்னும் பாதி நிக்கறது. அவரைக் கேட்க எனக்கு வாய் வரலை. இங்கே ஒரு காபிக்கடையில தட்டு அலம்பிச் சேர்த்தது டிக்கெட்டுக்குச் சரியாப் போயிடும்.

சித்தப்பாவோட மச்சினர் பட்டுக்கோட்டையில மாடியறையை வாடகைக்கு விடறார்தானே? மூணு மாசத்துக்கு என்ன கேப்பார்னு நீயே நைசா விசாரி. தளிகையெல்லாம் நானே பண்ணிப்பேன், அவாளுக்கு ஒரு தொந்தரவும் இருக்காதுன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவா.

இப்படிக்கு
உன் பொண்ணு