திண்ணைக் கச்சேரி

வாடா பேராண்டி, உக்காரு. மூஞ்சி ஏன் பறிக்காம உட்ட அரளி மாதிரி வாடிக் கெடக்கு? ஓகோ, வீட்டுல இருந்தே சர்க்கார் ஆபீஸ் வேலை பாக்க உத்தரவு வரலியா? ஏதோ லோகத்துல இல்லாத அதிசயமாட்டம் பேசறியே கண்ணு. 1973ல அமெரிக்காவுல ஜாக் நில்ஸ்ங்கறவரு இதுக்கு ‘டெலிகம்யூட்டிங்’னு பேரு வச்சாராம். வைக்கட்டும். பேரு வைக்கறதுக்கு முன்னாடியே நம்மூர்ல அந்தப் புள்ளை பொறந்து, நடந்து, மீசையும் மொளைச்சிருச்சு.

அந்தக் காலத்துல ஊர்க் கணக்குப்பிள்ளைக்குத் தனியா ஆபீஸ் ஏது? அவரு வீட்டுத் திண்ணைதான். சாய்வா ஒரு மரப்பெட்டி, மேல அடங்கல் புஸ்தகம், ஓரமா வெத்தலைச் செல்லம், தூணுல கட்டுன கன்னுக்குட்டி. எங்கப்பன் சிட்டாவுக்குப் போனா, “சித்த இருங்க, சாமி கும்பிடறாரு”ன்னு உள்ளயிருந்து சத்தம் வரும். சாமி கும்பிட்டு, சாப்புட்டு, ஒரு தூக்கமும் போட்டு வருவாரு. ஆனா ராத்திரி எட்டு மணிக்குக் கதவைத் தட்டுனாலும் ஆளு இருப்பாரு, அதையும் சொல்லோணுமில்ல? கையில ஒரு பரங்கிக்காயோட போனா, கையெழுத்து மை வெரசாக் காயும். அப்பன் உத்தியோகம் மவனுக்குன்னு ஓடிட்டிருந்த அந்தப் பொழப்பை 1980 நவம்பர்ல எம்.ஜி.ஆர். ஒழிச்சாரு. பரீட்சை எழுதி கிராம நிர்வாக அலுவலரு வந்தாரு. திண்ணை போச்சு, ஆபீசு வந்துச்சு, பூட்டும் வந்துச்சு.

அட, அவ்வளவு தூரம் எதுக்கு? சின்ன ஊருல கிளை போஸ்டாபீசு இன்னைக்கும் எங்க நடக்குது? பாதி ஊர்ல அந்த போஸ்ட்மாஸ்டரு வீட்டு முன்ரூம்லதான். எடத்தை அவரே ஏற்பாடு பண்ணிக்கோணும்ங்கறதுதான் சர்க்கார் விதி. அவரு என்னைக்காச்சும் சுத்தற நாற்காலி கேட்டாரா? நீ கேக்கற. பின்னால புஸ்தக அலமாரி இருக்கற மாதிரி போட்டோ வேற வச்சுக்கற. போன வாட்டி மீட்டிங்குல அந்த அலமாரிக்குள்ள இருந்து நம்ம செவலைப்பசு கத்துச்சே, உன்ற பெரிய ஆபீசரு எந்தப் புஸ்தகம்னு கேக்கலியா?

நக்கல் இருக்கட்டும். லாபம் இல்லைங்கல. பனமரத்துப்பட்டியில பஸ்சுக்குக் காத்து நின்னு, சேலம் பழைய பஸ் ஸ்டாண்டுல எறங்கி, இன்னொரு பஸ்சு புடிச்சு ஆபீஸ் போறதுக்குள்ள பாதி உசுரு போயிருது. மிச்ச உசுருலதானே நீ ஃபைல் பாக்கற? புள்ளைத்தாச்சிப் பொண்ணு படிக்கட்டுல தொங்கிட்டுப் போறாளே, அவளை வீட்டுல உக்கார வச்சு வேலை வாங்குனா சர்க்கார் முழுகிருமா? 2020 மார்ச்சுல கொரோனா வந்தப்ப தில்லியில மத்திய சர்க்கார்காரங்க பாதிப்பேரை வீட்டுல இருந்து பாருங்கன்னாங்க. மே மாசம் இங்க நம்ம சர்க்கார் ரெண்டு நாளு இவுங்க, ரெண்டு நாளு அவுங்கன்னு மொறை வச்சு, சனிக்கிழமையும் தொறந்து ஓட்டுச்சு. கொரோனா போன பொறவும் வருசத்துக்கு 15 நாளு வீட்டு வேலை குடுக்கலாமான்னு அதே மே மாசம் தில்லியில ஒரு வரைவு போட்டாங்க. அப்பவே 75 துறை இ-ஆபீசுல இருந்துச்சாம். அதுல 57 துறை, நூத்துக்கு எம்பதுக்கு மேல வேலையை அதுலயே முடிச்சுதாம். ஃபைலு வீட்டுக்கே வந்துட்டா, ஆளை எதுக்குடா பஸ்சுல ஏத்தோணும்?

அமெரிக்காக்காரன் 2010ல இதுக்குன்னு சட்டமே போட்டான். 2025 ஜனவரி 20ல ட்ரம்ப் பதவியேத்த அன்னைக்கே சர்க்கார் ஆளுங்க எல்லாரும் ஆபீசுக்கு வாங்கன்னு உத்தரவு போட்டுட்டாரு. ஆளு நாற்காலியில இருந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தமா? எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆபீசுல நாற்காலி மேல ஒரு துண்டு கெடக்கும். மூணு நாளு போனேன். துண்டு டாண்ணு பத்து மணிக்கு வந்துருது. ஆளுதான் டீக்கடையில. கைரேகை மிசினு வச்சாங்க, இப்ப ரேகையும் டாண்ணு வருது.

அதுக்காக எல்லாரும் வீட்டுல உக்கார முடியுமா? அரளி மொக்கு விரியறதுக்குள்ள உன்ற ஆயா காட்டுல நிக்கோணும். ஆஸ்பத்திரி நர்சம்மா வீட்டுல இருந்து ஊசி போடுவாங்களா? கொசுமருந்துக்காரரு வீட்டுல இருந்து அடிச்சா அவரு வீட்டுக் கொசுதான் சாவும். உன்னாட்டம் எழுத்து வேலைக்காரனுக்குத்தான் இது தோது.

ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு. பட்டா மாறுதலுக்கு இப்ப ‘எங்கிருந்தும் எந்நேரமும்’னு கம்ப்யூட்டர்லயே மனு போடலாங்கறாங்க. மனுக்காரனும் வீட்டுல, உத்தியோகஸ்தனும் வீட்டுல. ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாக்கறதில்ல. அப்பறம் அந்தப் பரங்கிக்காய்? அதை எந்த வழியா அனுப்பறது?

நான் சும்மா கேட்டேன். நீ எதுக்குடா போனைக் கவுத்து வைக்கற?