அறையிலக்கணம்: ஸ்டீரியோ அதிகாரம்

பாயிரம்: வீட்டு ஸ்டீரியோவுக்கு அறையால் நேரும் குற்றங்களையும் அவற்றின் மருந்தையும் வகுப்பது இந்நூல். முதல்நூல் செய்தவர் வாலஸ் சபைன். ஹார்வர்டின் விரிவுரைக் கூடமொன்றில் பேச்சு விளங்கவில்லை என்ற புகாரை 1895-இல் ஆராயத் தொடங்கியவர், வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவரச் செய்து, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். இவ்வழிநூலின் எல்லை பத்துக்குப் பத்து படுக்கையறை, உயரமும் பத்தடி, தளம் கான்கிரீட், தரை டைல்ஸ்.

குற்றம் நான்கு: முழக்கம், கிணுகிணுப்பு, ஒட்டதிர்வு, சாய்வு.

1. முழக்கமாவது, எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே அலை தங்கிவிடுதல். பத்தடிக்கு அது சுமார் 57 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாதலால் மூன்று திசை அலையும் அங்கேயே கூடும். பேஸ் கிட்டாரின் ‘ஏ’ தந்தி 55 ஹெர்ட்ஸ். இளையராஜா பாட்டில் அதைத் தொடும்போதெல்லாம் அறையும் கூடப் பாடும். சுவரோரம் சாய்ந்தவனுக்கு இல்லாத பேஸ் தோன்றும். நட்டநடுவில் அமர்ந்தவனுக்கு இருப்பதும் கெடும். பெட்டியை மூலைக்குத் தள்ளியவனுக்கு எல்லாமே திரியும். புணர்ச்சி விதி ஸ்பீக்கருக்கும் பொருந்துமென்பது இதனால் பெறப்படும்.

மருந்து: முட்டை அட்டை என்பாரும் உளர், அது பொருந்தாது. இவ்வலையின் நீளம் 20 அடி. ஓர் அங்குல அட்டையை அது சட்டை செய்யாது. மூலையில் நிறுத்திய தடித்த பஞ்சு மெத்தை சிறிது உதவும். நாற்காலியை ஓரிரு அடி நகர்த்துதல் பெரிதும் உதவும்.

2. கிணுகிணுப்பாவது, வெறுஞ்சுவர்களுக்கிடையே ஒலி பந்தாடப்படுதல். கைதட்டினால் தெரியும். மருந்து: புத்தக அலமாரி, மடிப்பு மிகுந்த திரைச்சீலை. எங்கே மாட்டுவதெனின், ஒருவர் பக்கச் சுவரோடு கண்ணாடியை நகர்த்திச் செல்க. அமர்ந்தவருக்கு அதில் ஸ்பீக்கர் தெரியும் இடமே இடம். பவானி ஜமுக்காளம் உச்ச ஒலிக்கு மட்டுமே ஆகும்.

3. ஒட்டதிர்வாவது, அழையாத வாத்தியங்கள் சேர்ந்து வாசித்தல். அவை பீரோக் கதவு, ஷோகேஸ் கண்ணாடி, எவர்சில்வர் தம்ளர் என்பன. மருந்து: மடித்த காகிதம்.

4. சாய்வாவது, நடுவில் நின்று பாட வேண்டிய எஸ்.பி.பி. பீரோப் பக்கம் ஒதுங்குதல். ஒரு பெட்டி ஓரடி அருகிலிருந்தால் அதன் ஒலி சுமார் ஒரு மில்லி செகண்ட் முந்தும். காது முந்தியதையே நம்பும். மருந்து: டேப் பிடித்து, இரு பெட்டிக்கும் செவிக்கும் இடையே சமபக்க முக்கோணம் அமைத்தல்.

இனி, உடனுறைவோரும் வந்துபோவோரும் மூவர்: பெட்டிமேல் பூச்சாடி வைப்பார், “சத்தத்தைக் கொஞ்சம் குறை” என்பார், “வேற ஆம்ப் வாங்குங்க சார்” என்பார். முன்னிருவரால் கேடில்லை, மூன்றாமவரே அஞ்சத்தக்கவர். மேற்கூறிய நான்கு குற்றத்துள் ஒன்றும் ஆம்ப்ளிஃபயரின் குற்றமன்று.

புறனடை: கூறாது விட்ட குற்றங்களையும் இவ்வாறே அறையில் தேடுக, கடையில் தேடற்க. நாற்காலியை நகர்த்திப் பார்க்கச் செலவில்லை.