ஓரணா கொசுவும் தங்கம் பூசிய ஈயும்

அந்தோனி வான் லேவன்ஹுக் செய்த வேலையை நம்மூர் ஜவுளிக்கடைக்காரர் யாராவது செய்திருந்தால் வீட்டில் சோறு கிடைத்திருக்காது. டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி. இழை எண்ணுவதற்குத்தான் பூதக்கண்ணாடியை எடுத்தார் என்பார்கள். எடுத்தவர் துணியை மறந்துவிட்டு, குளத்துத் தண்ணீர், மிளகு ஊறிய தண்ணீர், தன் பல்லிடுக்கு அழுக்கு என்று இறங்கிவிட்டார். எல்லாவற்றிலும் ஏதோ நெளிந்தது. 1676இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அவர்கள் நம்பவில்லை. மனுஷர் சளைக்காமல் பாதிரியார் முதலான ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிவந்து காட்டி, ‘ஆமாம், நாங்களும் பார்த்தோம்’ என்று சாட்சிக் கடிதம் வாங்கி அனுப்பினார். கிருமிக்கு நன்னடத்தைச் சான்றிதழ்!

அவருடைய கருவி இரண்டு பித்தளைத் தகடு, நடுவில் மணி அளவு ஒற்றை லென்ஸ். அவ்வளவே. ஆனால் சில லென்ஸ்கள் 270 மடங்கு வரை பெரிதாக்கின. அதே காலத்தில் லண்டனில் ராபர்ட் ஹூக் வைத்திருந்ததோ பல லென்ஸ் கோத்த, பார்க்கவே பந்தாவான குழல். அதை வைத்துத்தான் 1665இல் பேனைப் பிரம்மாண்டமாகப் படம் போட்டுப் பெரிய மனிதர்களைச் சொறிய வைத்தார். ஆனால் லென்ஸ் கூடினால் கோளாறும் கூடும். ஓரமெல்லாம் வானவில் அடிக்கும். ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் 1830இல் அதைச் சரிக்கட்டும்வரை, தெளிவில் ஜவுளிக்காரர் கைதான் ஓங்கியிருந்தது.

சரிக்கட்டிய குழல் இந்தியாவுக்கும் வந்தது, ரொனால்டு ராஸ் என்ற ராணுவ டாக்டரோடு. 1897இல் விடுப்பில் ஊட்டிக்குப் போனவர், சீகூர் பக்கம் மலேரியாவை ஆராயப் போய் மலேரியாவையே வாங்கிக்கொண்டு திரும்பினார். பிறகு செகந்தராபாத். உசேன் கான் என்ற மலேரியா நோயாளியைக் கொசுக்கள் கடிக்க வேண்டும். கடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா கூலி. நாமெல்லாம் காலமெல்லாம் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆகஸ்ட் புழுக்கத்தில் பங்கா போட்டால் அறுத்து வைத்த கொசு பறந்துவிடும் என்று விசிறியே இல்லாமல் உட்கார்ந்தார். நெற்றி வியர்வை சொட்டி மைக்ராஸ்கோப்பின் திருகாணி துருப்பிடித்தது. கண் வைக்கிற லென்ஸும் விரிசல். அந்த ஓட்டைக் கருவியில்தான் ஆகஸ்ட் 20 அன்று கொசு வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமி சிக்கியது. 1902இல் நோபல். உசேன் கானுக்கு அணாக்கள்.

ஜெர்மனியில் ஜெய்ஸ் கம்பெனிக்காரர்கள் வேறு ரகம். அவர்களுடைய எர்ன்ஸ்ட் அபே 1873இலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்: ஒளியை வைத்துப் பார்த்தால் மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே பிரித்தறிய முடியாது. ஜெனா நகரில் அந்தச் சூத்திரத்தைக் கல்லிலேயே வெட்டிவைத்திருக்கிறார்கள். கல்வெட்டு உள்ள கம்பெனிக்கு இறுமாப்பு வராதா? உயிருள்ள செல் கண்ணாடி மாதிரி இருக்கும், ஒன்றும் தெரியாது. சாயம் ஏற்றினால் தெரியும், பெரும்பாலும் செத்திருக்கும். சாயமில்லாமலே காட்டும் வழியை டச்சுக்காரர் ஃபிரிட்ஸ் செர்னிகே 1932இல் ஜெய்ஸிடம் கொண்டுபோய் நீட்டினார். ‘உபயோகமான சரக்காக இருந்தால் நாங்களே கண்டுபிடித்திருப்போமே’ என்ற தோரணையில் திருப்பி அனுப்பினார்கள். 1953இல் அதற்கே நோபல்.

ஒளியே வேண்டாம், எலக்ட்ரான் போதும் என்று கிளம்பியவர் எர்ன்ஸ்ட் ருஸ்கா, 1931இல். வைரஸ்கூட அகப்பட்டது. ஆனால் ராஜ உபசாரம் செய்யவேண்டிய கருவி அது: காற்றில்லாத அறை, காய்ந்த சடலம். அதன் இன்னொரு வகையில் ஈயைப் பார்க்க அதன்மேல் தங்கப்பூச்சே பூசுவார்கள். இன்று தங்கம் விற்கிற விலைக்கு ஈயாகப் பிறந்திருக்கலாம். நோபல் வந்தபோது ருஸ்காவுக்கு வயது 79. கூட உழைத்த மாக்ஸ் நோல் 1969லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

நம்மூர்க் களமருதூர்ப் பக்கம் மரவள்ளி இலையின் அடியில் சிவப்புச் சிலந்திப்பேன் பார்க்க இந்த வம்பெல்லாம் வேண்டாம். பத்து மடங்கு கை லென்ஸ் போதும். ஏரித் தண்ணீரில் ஓடுகிற பாரமீசியத்துக்குப் பள்ளிக்கூட மைக்ராஸ்கோப் தாராளம். பிள்ளைக்கு வாங்கப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அட்டைப்பெட்டியில் ‘ஐயாயிரம் மடங்கு’ என்று போட்ட பிளாஸ்டிக் பொம்மையைத் தொடாதீர்கள். சாதாரண ஒளி மைக்ராஸ்கோப்பில் ஆயிரத்து ஐந்நூறு மடங்குக்கு மேல் பெரிதாவது மங்கல் மட்டும்தான்.