என் சட்டையை ஊருக்கே தெரியும்

கோலாலம்பூரில் ஏமாற்றி உடுத்தலாம். எங்கள் தஞ்சோங் மாலிமில் அது நடக்காது. அங்கே எதிரில் வருகிற ஆயிரம் பேரில் ஒருவருக்கும் உங்கள் சட்டையின் வரலாறு தெரியாது. இங்கே காலையில் ரயில் நிலையத்தில் பார்த்த கண்தான் மாலையில் பாசார் மாலாமிலும், வெள்ளிக்கிழமை கோயிலிலும், ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்திலும் பார்க்கும். "போன தீபாவளிக்கு எடுத்ததுதானே, தம்பி? கொஞ்சம் வெளுத்துப் போச்சே" என்று ஓர் அம்மா கேட்பார். சட்டையைச் சொல்கிறாரா ஆளைச் சொல்கிறாரா என்று புரியாமல் நாம் சிரித்து வைக்க வேண்டும்.

பேராக்கின் தென்கோடி ஊர் இது. பெர்ணம் ஆற்றைத் தாண்டினால் சிலாங்கூர். வெளியூர்க்காரர்களுக்கு எங்களைப் பற்றி இரண்டே ஞாபகம்: பாவ், புரோட்டோன் கார். உடுப்பு என்று பார்த்தால் உள்ளூரில் கொடுத்து வைத்தவர்கள் கார்த் தொழிற்சாலைக்காரர்கள்தான். கம்பெனியே சட்டை கொடுத்துவிடுகிறது. அடுத்து உப்சி மாணவர்கள். 1922இல் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1997இல் பல்கலைக்கழகமான இடம் அது. நாளைய ஆசிரியர்கள் உச்சி வெயிலில் டை கட்டி நடந்து போவதைப் பார்த்தால் எனக்குக் கழுத்து வேர்க்கும். மூன்றாவது கூட்டம் கொம்யூட்டர் பிடித்துத் தலைநகருக்கு வேலைக்குப் போகிறவர்கள். தஞ்சோங் மாலிம் வாடகை, கோலாலம்பூர் உடுப்பு. ரயில் இங்கிருந்துதான் புறப்படுகிறது என்பதால் உட்கார இடம் கிடைத்துவிடும். கசங்காத சட்டையோடு போய் இறங்கலாம். சிலுவார் முட்டியில் மட்டும் மடிப்பு விழும். அதை ஆபீஸ் மேசை மறைத்துக்கொள்ளும்.

இந்த மூன்றிலும் சேராத என் போன்றவர்கள்தான் சொந்தப் புத்தியில் உடுத்த வேண்டியிருக்கிறது.

புத்தி என்றால் தாத்தாவுக்குத்தான் இருந்தது. ரப்பர்த் தோட்டத்தில் அவர் வைத்திருந்தது இரண்டு வகை உடுப்பு: மரத்துக்கு ஒன்று, மனிதருக்கு ஒன்று. பால்வெட்டுச் சட்டையைத் துவைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ரப்பர்ப் பால் விழும்போது வெள்ளை, காய்ந்தால் பழுப்பு. எந்தச் சவர்க்காரத்துக்கும் அது அசையாது. ஒவ்வொரு மாதமும் சட்டை கனத்துக்கொண்டே போகும். கழற்றி வைத்தால் தாத்தாவின் சட்டை தானாக நிற்கும் என்று பாட்டி சொல்வார். நான் பார்த்ததில்லை. ஆனால் பாட்டி சொன்னால் நின்றிருக்கும்.

மனிதருக்கான உடுப்பை முடிவு செய்தவர் துணி வியாபாரி. சம்பள நாளில் மூட்டையோடு லயத்துக்கு வருவார். தவணைக்குத் தருவார். அவர் அந்த வருடம் எந்தப் பூப்போட்ட சீட்டித் துணியைக் கொண்டுவந்தாரோ, அந்தப் பூதான் தீபாவளியன்று லயம் முழுவதும் பூக்கும். அக்காவுக்குப் பாவாடை, தம்பிக்குச் சட்டை, மிச்சத்தில் தலையணை உறை. யார் எவ்வளவு கொடுத்தார்கள், யாருக்கு இன்னும் எத்தனை தவணை பாக்கி என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும் என்பதால் யாரும் யாரிடமும் பந்தா காட்ட வழியில்லை. காசில்லாதவர்களுக்கு இதைவிட மலிவான ஏற்பாடு இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

காலுக்கு ரப்பர்ச் சப்பாத்து. ஒரே அச்சில் வார்த்த கறுப்பு, அடியில் குமிழ் குமிழாக இருக்கும், சகதியில் வழுக்காது. மலாய்க்காரர்கள் அதற்கு 'அடிடாஸ் கம்போங்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மரத்திலிருந்து பால் எடுத்தவர் காலுக்கே அந்தப் பால் சப்பாத்தாகத் திரும்பி வந்தது. நடுவில் யார் யார் லாபம் பார்த்தார்கள் என்பது வேறு கதை. இப்போது தலைநகரத்து மலையேறிகள் விலை உயர்ந்த சப்பாத்துகளைக் காரில் வைத்துவிட்டு இதைப் போட்டுக்கொண்டு காட்டுக்குள் போகிறார்கள். இருபது வெள்ளிக்குள் கிடைக்கிறது. தாத்தா தன் வாழ்நாள் முழுக்க நாகரிகத்தின் உச்சியில் நடந்திருக்கிறார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

பள்ளிச் சீருடை வந்தது எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகத் தெரியட்டும் என்றுதான். நல்ல எண்ணம். அதைக் கெடுத்தது வெள்ளைச் சப்பாத்து. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கழுவி, வெள்ளை பூசி, படிக்கட்டில் சாய்த்து வைப்போம். சரியாக அந்நேரம் மழை வரும். திங்கள் காலை சபை கூடும்போது ஈரச் சப்பாத்து பழுப்பாக நிற்கும். வகுப்பில் சாக்பீஸ் எடுத்து அவசரமாகத் தேய்ப்பதுண்டு. நாலு எட்டு வைத்தால் தூள் பறந்துவிடும். வீட்டில் இரண்டு ஜோடி உள்ளவன் யார், ஒரே ஜோடிக்காரன் யார் என்று காலைப் பார்த்தே ஆசிரியர் சொல்லிவிடுவார்.

2018இல் கல்வியமைச்சராக இருந்த மஸ்லி மாலிக், இனிமேல் கறுப்புச் சப்பாத்து என்று அறிவித்தார். நாடே சிரித்தது. 'கறுப்புச் சப்பாத்து அமைச்சர்' என்று பட்டமே கொடுத்தார்கள். சிரித்தவர்களில் சப்பாத்து கழுவியவர் ஒருவரும் இருந்திருக்க மாட்டார் என்பது என் சந்தேகம். எங்கள் தெருத் தாய்மார் யாரும் சிரித்ததாக ஞாபகம் இல்லை. 2020 தொடக்கத்தில் அவர் பதவி விலகினார். சப்பாத்து நிலைத்துவிட்டது.

பள்ளித் தொடக்க உதவியாக ஒரு பிள்ளைக்கு 150 வெள்ளி வருகிறது. 2023 முதல் பெற்றோர் வருமானத்தைப் பார்க்காமல் கொடுக்கிறார்கள். அதில் இரண்டு அளவு பெரிய சட்டை வாங்குவது நம் மரபு, வளர்கிற பிள்ளை. இடைநிலைப் பள்ளிப் பையன்களின் பச்சைச் சிலுவார்தான் என் தீராத வருத்தம். பள்ளி வாசலைத் தாண்டினால் அந்தப் பச்சையை எங்கேயும் போட முடியாது. சித்தப்பா பையன் ஐந்தாம் படிவம் முடித்ததும் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்கு நேர்முகம் போனான். "எந்த வகுப்பு?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

பிறகு எங்கள் வாழ்வில் பண்டல் வந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜப்பானிலும் கொரியாவிலும் மக்கள் வேண்டாமென்று கழித்த துணிகளை அமுக்கிக் கட்டி, மூட்டை மூட்டையாகக் கப்பலில் ஏற்றுகிறார்கள். இங்கே இறக்கிப் பிரித்து, தொங்கவிட்டு, மிச்சத்தைக் குவித்து விற்கிறார்கள். புக்கோஃப் என்ற ஜப்பானிய நிறுவனம் 2016 முதல் 'ஜாலான் ஜாலான் ஜப்பான்' என்று பெயர் வைத்து மலேசியாவில் கடைகளே நடத்துகிறது. இந்தியாவில் இந்த விஷயத்தில் கெடுபிடி அதிகம். உள்ளூர் வியாபாரத்தைக் காப்பாற்ற, வெளிநாட்டுப் பழந்துணி கிழிபட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பானிபட் ஆலைகளில் பழைய கம்பளிச் சட்டைகள் நூலாகிப் போர்வையாகின்றன. அந்தக் கதிக்குத் தப்பித்த சட்டைகள்தான் என் பீரோவில் தொங்குகின்றன என்று நினைத்தால் அவற்றின் மேல் ஒரு பாசமே வந்துவிடுகிறது.

பண்டல் கடைக்குப் போக முறை இருக்கிறது. புது மூட்டை பிரிக்கும் நாளில் நல்லது கிடைக்கும், விலை கொஞ்சம் கூட. நாள் போகப் போக விலை இறங்கும், கூடவே நம் தன்மானமும் இறங்கும். முதலில் அக்குளைப் பார்க்க வேண்டும். பிறகு காலர் உள்பக்கம். ஜிப்பை மூன்று தடவை ஏற்றி இறக்க வேண்டும். பட்டன் போயிருந்தால் பேரம் பேசலாம்; பட்டன் ஓட்டை பெரிதாயிருந்தால் வைத்துவிட வேண்டும். வாசனை போக வெந்நீரும் வினிகரும். மூலையில் ஒரு கம்பி முழுக்க டைகள் தொங்கும். ஓய்வு பெற்ற ஜப்பானியக் குமாஸ்தாக்களின் டைகளாக இருக்க வேண்டும். அங்கே எப்போதும் நாளைய ஆசிரியர்கள் நாலு பேர் நின்று பொறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

அத்தைக்கு மட்டும் பண்டல் ஆகாது. "செத்தவங்க சட்டைடா அது. வீட்டுக்குள்ள கொண்டாராதே." கானா நாட்டுச் சந்தைகளில் வந்திறங்கும் பழந்துணியையும் செத்த வெள்ளைக்காரன் உடுப்பு என்றுதான் அந்த ஊர் மக்கள் சொல்கிறார்கள். அத்தை ஸ்லிம் ரிவரைத் தாண்டி எங்கும் போனதில்லை. கருத்தில் மட்டும் ஆப்பிரிக்கா வரை ஆதரவு.

எனக்குப் பண்டலில் பிடித்ததே அதன் முன்கதை யாருக்கும் தெரியாது என்பதுதான். ஊரில் ஒருவராலும் "போன வருஷம் எடுத்தது" என்று சொல்ல முடியாத சட்டை அது ஒன்றுதான்.

அப்படி எட்டு வெள்ளிக்கு ஒரு நீலக் கோட்டு எடுத்தேன். நல்ல துணி, நல்ல தையல். கொம்யூட்டரில் ஏர்கான் எலும்பு வரை ஏறுவதால் இந்த ஊர்க்காரருக்குக் கோட்டு ஆடம்பரம் இல்லை. நெஞ்சில் சின்னதாகச் சிரித்த முகத்தோடு ஒரு கடைவாய்ப் பல் பின்னியிருந்தது. அழகாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். பத்தாங் காலியில் ஏறிய ஒரு பெரியவர் எதிரில் உட்கார்ந்து பல்லையே பார்த்துக்கொண்டு வந்தார். செரண்டா தாண்டியதும் முன்னால் குனிந்து, வாயைத் திறந்து, விரலால் காட்டினார்.

"டாக்டர், இந்தப் பக்கம் மூணு நாளா வலி."

"ஐயா, நான் டாக்டர் இல்லைங்க."

"பரவால்ல டாக்டர், சும்மா பார்த்துச் சொல்லுங்க."

பார்த்தேன். எனக்கே தெரிந்தது, அந்தப் பல் இருந்து பிரயோசனம் இல்லை. கிளினிக்குக்குப் போகச் சொன்னேன். ரவாங்கில் இறங்கும்போது இரண்டு கையாலும் கும்பிட்டார். எட்டு வெள்ளியில் எனக்கு இவ்வளவு மரியாதை வேறு எந்தத் துணியும் வாங்கித் தந்ததில்லை.

பெண்கள் கணக்கு வேறு. தீபாவளி நெருங்கினால் என் மனைவி சேலை எடுக்கக் கிள்ளானுக்குக் கிளம்பிவிடுவார். கொம்யூட்டரில் ஏறி உட்கார்ந்தால் ரயில் மாறாமல் கிள்ளான் நிலையம். இறங்கி நடந்தால் தெங்கு கிளானா சாலை. பயணம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். அந்த நேரத்தில் பேரம் பேசத் தெம்பு சேர்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். பெருநாளுக்கு முந்திய இரவு கூடாரக் கடைகளில் "லேலோங், லேலோங்" என்று கத்த ஆரம்பிப்பார்கள். விலை பாதியாகும். ஆனால் அந்நேரம் எந்தத் தையல்காரரும் ரவிக்கை தைத்துத் தர மாட்டார். ஐம்பது வெள்ளிச் சேலைக்கு எண்பது வெள்ளி ரவிக்கைக் கூலி என்பதை எந்தப் பொருளாதாரத்தில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கேட்டால், எனக்குச் சொல்லும் விலை ஒன்று, என் அக்காவுக்குச் சொல்லும் விலை ஒன்று. இரண்டுக்கும் நடுவில் எங்கோ உண்மை இருக்கிறது. நான் தேடிப் போவதில்லை.

ஆண்களுக்கு இந்த நாடு செய்த பெரிய உபகாரம் பாத்தேக் சட்டை. அரசு ஊழியர்கள் வியாழக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு வருவதால் ஆபீசுக்கு ஆகும். மலாய்க்காரர் கெண்டுரிக்கு ஆகும், சீனர் விருந்துக்கு ஆகும், நம் கல்யாணத்துக்கும் ஆகும். முழுக்கை வைத்ததாக ஒன்று இருந்தால் போதும். தொப்பை தெரியாது. சம்பல் சிந்தினால் இன்னொரு பூவாகிவிடும். கிளந்தானில் கையால் வரைந்த பட்டுப் பாத்தேக் என் சம்பளத்துக்கு எட்டாது. என்னுடையது இயந்திரம் அச்சடித்த பருத்தி: சிவப்பு, நடுவில் பெரிய மஞ்சள் செம்பருத்தி. அதைப் போட்டுக்கொண்டு பேராங் முதல் கலும்பாங் வரை எல்லாக் கல்யாணத்துக்கும் போயிருக்கிறேன். ஆல்பங்களை அடுக்கினால் ஊரில் எல்லாக் கல்யாணமும் ஒரே நாளில் நடந்ததாகத் தோன்றும்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு என்னால் போக முடியவில்லை. போகிற மைத்துனனுக்கு உடுப்பு இல்லையென்று சட்டையைக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் மளிகைக் கடையில் ஓர் அம்மா கோபித்துக்கொண்டார்: "நேத்து மண்டபத்துல அவ்ளோ கூப்புட்டேன், திரும்பிக்கூடப் பாக்காமப் போறீங்களே அண்ணே!" சமாதானம் சொல்லி முடிப்பதற்குள் மாப்பிள்ளை வீட்டுச் சித்தப்பா வந்து தோளில் கை போட்டார். ரொம்ப சந்தோஷம், குடும்பத்தோடு வந்து சாப்பிட்டீர்களாமே என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, வந்த கவர்களில் என் பெயர் போட்டது ஒன்றைக் காணவில்லை, எங்காவது தவறி விழுந்திருக்குமோ என்று கேட்டார். ஐம்பது வெள்ளியை எடுத்துக் கொடுத்தேன். மைத்துனன் இரண்டு தடவை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டானாம்.