போங்கு ஆட்டத்தின் தர்ம சாஸ்திரம்

குருக்ஷேத்திரத்தில் முதல் அம்பு கிளம்புவதற்கு முன்னால் இரு தரப்பும் ரூல்ஸ் பேசி ஒப்புக்கொண்டன. தேரில் இருப்பவன் தேரில் இருப்பவனோடுதான் மோதலாம். ஓடுகிறவனையும், வேறொருவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவனையும் தொடக்கூடாது. பொழுது சாய்ந்தால் ஆட்டம் முடிந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

13ஆம் நாள் அபிமன்யு சக்கரவியூகத்துக்குள் புகுந்தான். உள்ளே போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது. "நீ போ, பின்னாடியே வர்றோம்" என்ற பெரியப்பா சித்தப்பாக்களை ஜயத்ரதன் வாசலிலேயே மடக்கிவிட்டான். உள்ளே பையனைப் பல பேர் சூழ்ந்து அடித்தார்கள். மறுநாள் சாத்யகியை வெட்டப்போன பூரிசிரவஸின் கையை, அந்தச் சண்டையிலேயே இல்லாத அர்ஜுனன் தூரத்தில் நின்று அறுத்தான். இது என்ன நியாயம் என்று பூரிசிரவஸ் கேட்டால், அபிமன்யுவுக்கு நடந்தது மட்டும் நியாயமா என்கிறான் அர்ஜுனன். அன்றைக்கே தீவட்டி கொளுத்தி ராத்திரிச் சண்டையும் நடந்தது. 18ஆம் நாள் துரியோதனன் தொடையில் கதை விழுந்த பிறகு, தீர்த்த யாத்திரை முடித்து வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பலராமர், இடுப்புக்குக் கீழே அடிப்பதா என்று கலப்பையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார். கடைசி ஓவருக்கு வந்துசேர்ந்த அம்பயர்! அந்த அழுகுணி அடிக்குத்தான் தொண்டை மண்டலத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் படுகளம் என்று திருவிழாவே எடுக்கிறோம். மண்ணால் செய்த ராட்சத துரியோதனன் மல்லாந்து கிடக்க, பீமன் வேஷக்காரர் தொடையைப் பார்த்து அடிக்க, ஊரே ஆரவாரம் செய்யும்.

பிரஷ்யாக்காரர்கள் போரையே மேஜை மேல் ஆடும் ஆட்டமாக மாற்றினார்கள். 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற ராணுவ அதிகாரி, ஒரு முறைக்கு இரண்டு நிமிஷம், அதற்குள் காலாட்படை இத்தனை தூரம், குதிரைப்படை இத்தனை தூரம் என்று அட்டவணை போட்டார். அட்டவணையைப் புரட்டியே அதிகாரிகள் களைத்தார்கள். 1876இல் வெர்டி என்ற தளபதி, புத்தகத்தை மூடுங்கள், நடுவர் சொல்வதே சட்டம் என்றார். நம் ஊர்த் திண்ணைப் பெரிசுகள் ஏற்கெனவே அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

1974இல் அமெரிக்காவில் கைகாக்ஸும் ஆர்னெசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில் தூரத்தை அங்குலத்தில் அளந்தார்கள். குகைக்குள் ஓர் அங்குலம் பத்து அடி, வெளியே வந்தால் அதே அங்குலம் பத்து கஜம். வாசலைத் தாண்டினால் மூன்று மடங்கு! பிறகு கட்டம் வந்தது, கூடவே மூலைவாட்டு வழக்கும் வந்தது. 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் மூலைவாட்டில் நகரும் ஒவ்வொரு இரண்டாவது கட்டமும் இரண்டாகக் கணக்கு. 2008இல் எல்லாமே ஒன்று என்றார்கள், பிதாகரஸ் தேற்றம் செத்தது, வட்டமாக வெடிக்க வேண்டிய நெருப்புக்கோளம் சதுரமாக வெடித்தது.

இப்போது ஆறு வினாடிக்கு 30 அடி நகரலாம் என்பது வழக்கம். பொங்கலுக்கு முந்தின ராத்திரி ஜி.எஸ்.டி. ரோட்டு டிராஃபிக்கில் நின்றவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். பெருங்களத்தூரில் ஃபிளாட் ஒன்றின் ஹாலில் ஞாயிறுதோறும் இந்த ஆட்டத்துக்குக் கூடும் எங்கள் கும்பல் சண்டை போடுவது வேறொரு ரூலுக்காக: பூதத்தின் பக்கத்துக் கட்டத்தை விட்டு நகர்ந்தால் அது ஓர் அடி அடிக்கும். விலகி ஓடினேனா, சும்மா திரும்பினேனா என்று ஒவ்வொரு வாரமும் பஞ்சாயத்து.

போன மாதம் பக்கத்தில் தாயக்கட்டை உருட்டிக்கொண்டிருந்த பாட்டி தீர்ப்புச் சொன்னார்: "மலையில நின்னா வெட்டக்கூடாது. ஒரு காயாவது வெட்டாதவன் உள்கட்டத்துக்குப் போகக்கூடாது. இது கூடவா தெரியாது?"

ஆட்டம் நடத்துகிறவன் அதை அப்படியே சட்டமாக்கிவிட்டான். எங்கள் குழுவின் வைத்தியர் கொல்லா விரதக்காரர். அன்றிலிருந்து குகை வாசலிலேயே நிற்கிறார். அப்பீல் கிடையாது, வீடு பாட்டியுடையது, பஜ்ஜியும் அவர் போடுவது.