ரோபோவிடம் இரண்டாம் சட்னி கேட்டல்: ஓர் ஆய்வு

ரோபோவோடு பழகும்போது மாந்தர்க்கு எழும் கலக்கம் நால்வகைப்படும். மூன்றே என்பார் கூற்று ஈண்டு மறுக்கப்படும். ஜப்பானிய அறிஞர் நொமுராவும் உடனாய்வாளர்களும் இக்கலக்கத்தை அளக்க 14 வாக்கியங்களில் ஓர் அளவுகோல் வகுத்து, அதை மூன்று கூறாகப் பிரித்தனர். 14இல் ஒன்றிலும் சட்னி இல்லை.

முதலாவது, நம்மை அழித்துவிடுமோ என்ற அச்சம். காரெல் சாபெக் 1920இல் நாடகமாக எழுதினார். ஷங்கர் 2010இல் படமாக எடுத்தார். முற்றிற்று.

இரண்டாவது, முகச்சாயல் தரும் அருவருப்பு. மனிதச் சாயல் ஏற ஏற ரோபோவை நமக்குப் பிடிக்கும்; கிட்டத்தட்ட மனிதராகவே தெரியும் இடத்தில் அந்தப் பிரியம் பள்ளத்தில் விழும் என்றார் மசாஹிரோ மோரி, 1970இல். ஜவுளிக்கடைப் பொம்மையை இடித்துவிட்டு ‘சாரிங்க’ என்றவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

மூன்றாவது, வேலை போய்விடுமோ என்ற கவலை. இது நிஜக் கவலை. ஆகவே அடிக்குறிப்புக்கு உரியது. அடிக்குறிப்புக்கு இடமில்லை.

நான்காவதே தலையாயது. தட்டு சுமந்த ரோபோ மேசையருகே நிற்கிறது. தோசையை நாமே எடுத்துக்கொள்கிறோம். அது திரும்பிப் போய்விடுகிறது. பாதித் தோசையில் சட்னி தீர்கிறது. பரிமாறுபவர் மனிதராயின் கிண்ணத்தை லேசாக நகர்த்தினாலே வாளியோடு வருவார். ரோபோவின் உணரியோ வழியில் தடை உண்டா என்று பார்க்குமே தவிர, கிண்ணம் காலியா என்று பார்க்காது.

தீர்வு யாது? இருமிக் காட்டினால் போதும் என்பர் ஒரு சாரார் (சித்தப்பா, வாய்மொழி, கை கழுவுமிடம்). குறுக்கே காலை நீட்டி மறிக்க வேண்டும் என்பர் மறுசாரார் (அத்தை, மேற்படி இடம், திருத்திய பதிப்பு, சித்தப்பா வாயில் தண்ணீர் இருந்தபோது). இரண்டையும் மறுத்துப் பக்கத்து மேசைப் பெரியவர் ஏழு இயல்களில் ஒரு நூல் செய்தார். பில்லின் பின்புறம் எழுதிய மூலம் சாம்பாரில் நனைந்து அழிந்தது. மூன்றாம் இயல் மட்டும் மேசை துடைப்பவரின் தோள்துண்டில் தலைகீழாகப் பதிந்து கிடைக்கிறது. அதில் உள்ளது ‘கேள்’ என்பதா, ‘கேளேல்’ என்பதா என்று பதிப்பாசிரியர் இருவர் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள். இருவரும் சட்னி தொட்டுச் சாப்பிடுபவர்கள் அல்லர்.

எனவே அந்த 14 வாக்கியங்களோடு 15ஆவதாக ஒன்றைச் சேர்க்குமாறு அறிஞர் உலகை வேண்டுகிறோம்: ‘கேட்காமலே காரச் சட்னி வருமானால் எனக்கு ரோபோவிடம் யாதொரு அச்சமும் இல்லை.’ நிதி கிடைப்பின் அடுத்த ஆய்வு சாம்பார் பற்றியது.